முகுசானி: ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய வைன்

உரும்பிராய், நீர்வேலிப் பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கும் இஸ்ரேல் புளூ முந்திரிகையை உரித்துப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கருநீலத் தோலுக்குள் இருப்பது வெளிறிய சதைதான் என்பது தெரியும். சிவப்பு வைனுக்குப் பயன்படும் பெரும்பாலான பழங்களும் இவ்வாறே நிறத்தைத் தோலில் மட்டுமே வைத்திருப்பதால், பிழிந்த சாற்றைத் தோலோடு சேர்த்துப் புளிக்க விட்டால்தான் வைன் சிவக்கும். ஜோர்ஜியாவின் சொந்தப் பழமான சப்பெராவி இதற்கு விலக்கு. அதன் தோல் கருமையானது. சதையும் சாறும் சிவந்தவை. வெயில் குறைந்த ஆண்டிலும் அந்த வைன் வெளிறிப் போவதில்லை.

ஜோர்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கும் என் பெறாமகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டு வந்தது, சப்பெராவியில் செய்த முகுசானி என்னும் வைன். கிளாஸைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுப்பகுதியை ஊடுருவி எதையும் பார்க்க முடியாது. ஓரத்தில் மட்டும் மெல்லிய செங்கபில வளையம் தெரியும். வாயில் வைத்ததும் முதலில் வருவது புளிப்பு, அதன் பின்னால் நன்கு கனிந்த நாவற்பழத்தைப் போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, கடைசியில் ஓக் மரத்தின் மெல்லிய புகைவாசம். இனிப்பு அறவே இல்லை. இனிப்பு வைனையே அறிந்த நம் வீடுகளில் சிலர் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் இரண்டாவது மிடறு வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முகுசானி என்பது ஜோர்ஜியாவின் கிழக்கே, ககெத்தி மாகாணத்தில், அலசானி ஆற்றின் வலது கரையில் குர்ஜானிக்கு அருகே உள்ள ஒரு கிராமம். அங்கே பழத்தைக் கடைசிச் சொட்டு இனிப்பும் தீரும் வரை புளிக்க விட்டு, பிறகு ஓக் பீப்பாய்களில் மாதக்கணக்கில் ஆற வைக்கிறார்கள். ஆற்றுக்கு மறுகரையில், கோக்கசஸ் மலையடிவாரத்துக் குவாரெலியில், இதே சப்பெராவிச் சாறு புளித்துக்கொண்டிருப்பதைப் பாதியில் குளிரூட்டி நிறுத்தி, பழத்தின் இயல்பான இனிப்பில் ஒரு பங்கை விட்டுவைத்தால் அது கிண்ட்ஸ்மராவுலி ஆகிறது. ஒரே பழம், ஒரே பள்ளத்தாக்கு. ஆனால் மண்ணும் கைப்பக்குவமும் மாற, வைனின் குணமே மாறிவிடுகிறது. ஜோர்ஜிய வைன் என்றால் எல்லோரும் மண்ணில் புதைத்த குவெவ்ரித் தாழிகளைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013 இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது நியாயமே. ஆயினும், பீப்பாயில் முதிரும் முகுசானிக்கும் அதே அளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இதில் என்னை அதிகம் ஈர்ப்பது அந்தப் பெயரின் காவல்தான். சப்பெராவிக் கொடி இன்று அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியிலும்கூட வளர்கிறது. அங்கே செய்யும் வைனைச் சப்பெராவி என்று விற்கலாம், முகுசானி என்று விற்க முடியாது. அந்தப் பெயருக்கு உரிய நிலத்தின் எல்லையைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. 2006 இல் ரஷ்யா ஜோர்ஜிய வைனைத் தடை செய்து 2013 வரை சந்தையை மூடியிருந்தபோது, தம் விற்பனையின் பெரும்பகுதியை ஒரே நாட்டில் வைத்திருந்த உற்பத்தியாளர்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் புதிய சந்தைகளைத் தேட வேண்டியதாயிற்று; தரமும் ஊர்ப் பெயரும்தான் அப்போது அவர்களுக்குக் கைகொடுத்தன. நம் வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் முந்திரிகையோ, எந்தக் கிராமத்துப் பந்தலில் காய்த்தது என்ற அடையாளமே இல்லாமல் சந்தைக்குப் போகிறது. தோலகட்டி ஆச்சிரமத்தின் பழச்சாற்றுக்கு மக்கள் தரும் மரியாதையைப் பார்க்கும்போது, ஊர்ப் பெயருக்கு இங்கேயும் பெறுமதி உண்டு என்பது விளங்கும். பெட்டியில் உரும்பிராய் என்றோ நீர்வேலி என்றோ அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

இந்த வைனை நம் சாப்பாட்டோடு குடிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் போட்ட ஆட்டிறைச்சிக் குழம்போடு இது சேராது. மிளகாயின் உறைப்பு துவர்ப்பை முரடாக்கி, வைனைக் கசக்கச் செய்துவிடும். ககெத்தியில் வெட்டிய கொடிக் கொப்புகளை எரித்து, அந்தத் தணலில் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுவார்கள். அதற்கு ம்த்ஸ்வாதி என்று பெயர். பழம் பறித்த பின் நாம் வெட்டி எறியும் கொப்புகளையும் உலர்த்தினால் அப்படியே பயன்படுத்தலாம். ஆட்டிறைச்சிக்கு உப்பும் மிளகும் மட்டும் தடவி நான் அவ்வாறு சுட்டபோது, கொழுப்பு துவர்ப்பைத் தணித்தது. வைனின் புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்தது. நம் வெக்கைக்குப் போத்தலைத் திறக்குமுன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அவசியம். அதற்கு மேல் குளிர்ந்தால் வாசம் ஒடுங்கித் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும்.