ஒளவையாரும் என் புது டேப்லெட்டும்

தலைப்பில் ஒரு பிழை இருக்கிறது. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். என்ன பிழை என்று பின்னால் சொல்கிறேன், அதற்கும் முப்பதாயிரம் ரூபாய்க்கும் சம்பந்தம் உண்டு.

போன அக்டோபரில் என் பழைய லேப்டாப்பில் ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நிற்கிறது, விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்று. சரி, மாறலாம் என்று அழுத்தினால், உங்கள் ப்ராசசருக்கு அது ஏறாது என்று அதே வாயால் சொல்கிறது. 2016-இல் வாங்கிய மெஷின், இன்டெல் ஐந்தாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். நடுவில் ஒருமுறை ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு அதன் ஆயுளை நீட்டியிருந்தேன். இனி நீட்ட முடியாது.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிறவள். பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு. ஜனவரியில் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி என்பதால், தீபாவளி பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிப்பதற்குள் பதிப்பகங்களிலிருந்து பாரம் பாரமாக (பாரம் என்றால் ஒன்றாக அச்சாகும் பக்கங்களின் தொகுதி) வந்து விழ ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் மண்டையைப் போடுவதற்கு இதைவிட மோசமான மாதம் கிடையாது.

என் அக்கா மகன்தான் ஆரம்பித்து வைத்தான். "சித்தி, டேப்லெட் வாங்கிடுங்க. புரூஃப பேனாவுலயே திருத்தலாம். கீபோர்ட மாட்டுனா அதுவே லேப்டாப். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

ஆசை காட்டியது பேனாதான். 320 பக்கப் புத்தகத்தை எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் வீதம் அச்செடுத்தால் 480 ரூபாய். மூன்று புரூஃப் போனால் 1,440. சில பதிப்பகம் கொடுக்கும், சில பதிப்பகம் "அடுத்த பில்லில் சேர்த்துக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லையே மறந்துவிடும். திருத்திய தாள்கள் மூட்டையாகக் கட்டிலுக்கடியில் வேறு. மொத்தமாக அறுபதாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினோம்.

முதலில் ஐபேட். 2025-இல் வந்த ஏ16 மாடல், 128 ஜிபி, 34,900 ரூபாய். பேனா தனி: யுஎஸ்பி-சி பென்சில் 7,900. அதற்கென்றே உள்ள விசைப்பலகை உறை 24,900. கடைப் பையன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான்: 67,700. பேனாவும் விசைப்பலகையும் சேர்ந்து டேப்லெட்டுக்கு இணையாக வந்து நிற்கின்றன. கல்யாணப் பெண்ணைவிட நாத்தனார் சீர் அதிகம் என்கிற கதை. வேகத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஐபோன் 14 ப்ரோவில் அறிமுகமான சிப் அது, நான் பார்த்த மற்ற டேப்லெட்டுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் என் வேலையில் சிப்புக்கு என்ன வேலை? பக்கத்தைப் புரட்ட வேண்டும், கோடு இழுக்க வேண்டும், ஓரத்தில் "ண/ன" என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ பெட்டிக்குள்ளேயே பேனாவோடு வருகிறது. 2023 அக்டோபரில் 36,999-க்கு வந்த மாடல். அதற்கடுத்த எஸ்10 எஃப்இ 2025 ஏப்ரலில் 42,999-க்கு வந்துவிட்டதால் பழையதன் விலை இறங்கியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரை அதே 10.9 அங்குலம், அதே துல்லியம். புதியதில் சிப் வேகம் கூடுதல், எடை 26 கிராம் குறைவு. 26 கிராமுக்கும் வேகத்துக்கும் பதிமூன்றாயிரம் கொடுக்க மனசு வரவில்லை. பழையதை முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வாங்கினேன். அந்தப் பேனாவுக்குள் பேட்டரி இல்லை, எழுதுவதற்கு அதை சார்ஜ் செய்யவே வேண்டாம். திரைக்கு அடியிலிருந்து வரும் மின்காந்தப் புலத்திலேயே இயங்குகிறது. பேட்டரி செத்த மவுஸ்களோடு வாழ்ந்தவளுக்கு இது பெரிய விஷயம்.

முதல் வாரம் தேனிலவு.

தமிழ் மெய்ப்பில் கண்ணைக் கொல்வது புள்ளி. 'ர'வா 'ர்'ரா என்பதைப் பதினோரு பாயிண்ட் எழுத்தில் பார்க்கவேண்டும். 15.6 அங்குல லேப்டாப் திரையில் ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல்தான். அசல் அளவில் வைத்தால் ஒரு புள்ளிக்கு இரண்டு மூன்று பிக்சல் கிடைத்தால் அதிகம், அது தூசியா புள்ளியா என்று விரலால் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். டேப்லெட்டில் அதே அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 250 பிக்சல். புள்ளி புள்ளியாக, வட்டமாக நிற்கிறது. துணைக்காலையும் 'ர'வையும் கீழே உள்ள வாலை வைத்துப் பிரித்துவிடலாம். ஏ4 தாள் எழுபது சதவீத அளவுக்குச் சுருங்கித்தான் தெரியும், ஆனால் புத்தகப் பக்கம் ஏ4-ஐவிடச் சின்னது என்பதால் எனக்கு இடைஞ்சல் இல்லை. எடை 523 கிராம், அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலம். முதல் பாரம் முடிகிற வரை தெரியாது. இரண்டாவது பாரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். பிறகு ஒரு தலையணையை மடியில் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் செய்த கனமான பிடிஎஃப் என்றால் பக்கம் புரள அரை நொடி யோசிக்கும். அந்த அரை நொடியில் நான் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறேன். புகார் இல்லை.

இரண்டாவது வாரத்தில்தான் ஒளவையார் வந்தார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரைத் தொகுப்பு ஒன்று. டேப்லெட்டில் பேனாவால் வரிவரியாகத் திருத்தி, பெருமையோடு அனுப்பிவைத்தேன். லேஅவுட் செய்கிற தம்பி போன் செய்தார். "அக்கா, சொல்லடைவுக்கு ஔவையார்னு தேடுனா ஒம்பது இடந்தான் வருது. கண்ணுக்கு நாப்பது தெரியுது." விஷயம் இதுதான்: 'ஔ' என்பது ஒரே எழுத்து. ஆனால் தட்டச்சு செய்கிற பலர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மனிதக் கண்ணுக்கு அவர் ஔவையார். கம்ப்யூட்டருக்கு அவர் ஒ-ள-வை-யார், யாரோ வேறொரு பாட்டி. இந்தப் பதிவின் தலைப்பில் இருப்பவர் அந்த இரண்டாவது பாட்டிதான்.

வழக்கமாக இதை நான் கண்ணால் பிடிப்பதே இல்லை. வேர்டில் நானே வருடக்கணக்காகச் சேர்த்த மேக்ரோ ஒன்று வைத்திருக்கிறேன். ஓடவிட்டால் 'ஒள'வை 'ஔ' ஆக்கும், இரட்டை இடைவெளியை எடுக்கும், நிறுத்தற்குறிக்கு முன்னால் விழுந்த இடைவெளியை உறிஞ்சிவிடும். டேப்லெட் வேர்டில் மேக்ரோ ஓடாது. ஓடாது என்பதுகூட அப்புறம். 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரை என்றால் அந்தச் செயலியில் கோப்பைத் திருத்துவதற்கே சந்தா கட்ட வேண்டும். என்னுடையது 10.9. கண்ணுக்கு நல்லது என்று வாங்கிய 0.8 அங்குலத்துக்கு மாதாமாதம் அபராதம்.

பிடிஎஃபிலேயே தேடலாமே என்பீர்கள். தமிழ் பிடிஎஃபில் தேடுவது தலையெழுத்து. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட பாமினி எழுத்துருவில் செய்த பழைய கோப்பில் 'அம்மா' என்று தெரியும் இடத்தை நகலெடுத்து ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். யூனிகோடு பிடிஎஃபிலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து கிடப்பது சகஜம்.

புளூடூத் விசைப்பலகை ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டிப் பார்த்தேன். எனக்குக் கைப்பழக்கம் தமிழ்99 என்கிற தட்டச்சு முறை. 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானாக விழ வேண்டும். விழவில்லை. ஒரு மாலை முழுக்கச் செயலிகளை மாற்றி மாற்றிப் போட்டும் 'பக்கம்' 'பககம்' ஆகவே வந்தது. அக்கா மகனின் இரண்டாவது மாங்காய் விழவே இல்லை.

ஆக, லேப்டாப்பும் வேண்டும். கையில் மிச்சம் ஏறக்குறைய முப்பதாயிரம்.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். முதல் கடையில், "அக்கா, இத எடுங்க. ரைசன் ஃபைவ், செவன் தௌசண்ட் சீரிஸ், லேட்டஸ்ட்" என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். பக்கத்திலேயே ஓர் ஐ3. ஐந்து பெரிதா மூன்று பெரிதா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் ஐந்து என்றுதான் சொல்லும். அக்கா மகன் ஸ்டிக்கரைக் குனிந்து படித்தான்: 7520யூ. டேப்லெட் விஷயத்தில் கவிழ்த்தவன் இங்கே தலை நிமிர்ந்தான். ரைசன் சிப்பைச் செய்கிற ஏஎம்டி-யின் அந்த வரிசை எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லுமாம். 7520-இல் மூன்றாவது 2, அதாவது ஜென் 2, 2019-இல் வந்த வடிவமைப்பு, நான்கு கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகள்). 7530 என்றால் ஜென் 3, ஆறு கோர். நடுவில் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஜாதகமே வேறு. போதாக்குறைக்கு 7520யூ-வில் ராம் என்கிற மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், 8 ஜிபி என்றால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான்.

அந்த ஐ3, 1215யூ. பன்னிரண்டாம் தலைமுறை, பெரிய கோர் இரண்டு, சின்ன கோர் நான்கு. அந்த மாடலில் 8 ஜிபி ஒரே குச்சியாகச் செருகியிருந்தது, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் காலி. 7530 போட்டது பட்ஜெட்டைத் தாண்டியது.

நான் ஒரு பென் டிரைவ் கொண்டுபோயிருந்தேன். உள்ளே 612 பக்க நாவல், மூன்று பேர் திருத்தங்கள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மேய்ந்த வேர்டு கோப்பு. வீட்டு மெஷினில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, காபியோடு திரும்பி வருவேன். இரண்டு லேப்டாப்பிலும் திறக்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் செய்தார். ஐ3 பத்து நொடிக்குள் திறந்துவிட்டது, கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் தாவியது. 'லேட்டஸ்ட்' திறந்தது, ஆனால் உருட்டும்போதெல்லாம் வெள்ளைப் பக்கம் காட்டிவிட்டு அப்புறம்தான் எழுத்தைக் கொண்டுவந்தது. 32,000 சொச்சம் கொடுத்து ஐ3-ஐத் தூக்கிக்கொண்டு வந்தோம். அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை.

அதன் திரை சுமார்தான், மறைக்க என்ன இருக்கிறது. 250 நிட் வெளிச்சம், 45 சதவீத வண்ணம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அட்டைப்படத்தின் குங்குமச் சிவப்பு இதில் செங்கல்லாகத் தெரிகிறது. அதனால் அட்டை எல்லாம் டேப்லெட்டில்தான் பார்க்கிறேன். பேட்டரி நாலரை மணி நேரம். டேப்லெட் இரண்டு நாள் தாங்கும். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, 'பக்கம்' பக்கமாகவே வருகிறது.

இப்போது வழக்கம் இப்படி ஆகிவிட்டது. கோப்பு வந்ததும் லேப்டாப்பில் மேக்ரோவை ஓடவிட்டுக் குப்பை பொறுக்குவது. பிறகு லேஅவுட் ஆகி வந்த பிடிஎஃபை டேப்லெட்டில், பெரும்பாலும் விடிகாலையில், மடியில் தலையணையோடு திருத்துவது. நவம்பரிலிருந்து பதினோரு புத்தகம் முடித்தேன். ஜெராக்ஸ் கடைக்கு ஒரே முறைதான் போனேன், அதுவும் எண்பது வயது எழுத்தாளர் ஒருவர் "தாள்ல குடும்மா" என்றதற்காக.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ அவரவர் விருப்பப்படி என்று அறிவித்த சமயம், எதிர்வீட்டுப் பெண் எதைக் கேட்கலாம் என்று என்னிடம் வந்தாள். பி.காம் படிக்கிறாள். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, டேப்லெட் கேள் என்று சொல்லித் தொலைத்தேன். போன வாரம் கூப்பிட்டு மாற்றிச் சொன்னேன்: டேலி என்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், லேப்டாப்பே கேள். "ஆன்ட்டி, அதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

ஒரு வேலைதான் பாக்கி. ஒன்றும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே விண்டோஸ் மூன்றரை ஜிபியை விழுங்கிவிடுகிறது, இன்னொரு 8 ஜிபி ராம் போட்டால் நிம்மதி. வாங்கிய அன்றே போட்டிருக்கலாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அதற்குள் ஏஐ கம்பெனிகள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போக, ராம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கிடக்கிறது. ரிச்சி தெருக் கடைக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். என் குரலைக் கேட்டதும் அவரே, "இன்னும் எறங்கலக்கா" என்கிறார்.