குட்-டுக்குப் பின்னால் 'அட்'டா, 'இன்'னா? எஸ்எஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்கு

மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி (ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன்), பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். பிழை கண்டுபிடிப்பதோ, கோடிட்ட இடமோ, அட்ஜெக்டிவும் ('குட்' மாதிரி தன்மையைச் சொல்லும் சொல்) அதன் ப்ரெப்போசிஷனும் (அதன் பின்னால் வரும் 'அட்', 'இன்', 'டு' மாதிரி சின்னச் சொல்) எங்காவது தலைகாட்டும். காதுக்குச் சரியாகப் படுவதை டிக் அடிப்பதுதான் பலருடைய வழக்கம். நம் காதோ தமிழ்க் காது. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

'கணக்கில் கெட்டி' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'குட் இன் மேத்ஸ்' தானாக வரும். தேர்வில் விடை 'குட் அட்'. 'அவரோடு கல்யாணம்' என்ற நினைப்பில் 'மேரிட் வித்' என்போம். வேண்டியது 'மேரிட் டு'. 'அவனைவிட சீனியர்' என்பதால் 'சீனியர் தேன்' என்று கை போகும், அதுவும் 'டு'தான். மாக் டெஸ்ட்டில் ஒரு விடை தவறினால், எந்தத் தமிழ் உருபு இழுத்துவிட்டது என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். இல், ஓடு, விட என்று இந்த மூன்றுமே திரும்பத் திரும்ப வந்தன.

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்த ஒரே குடும்பம். எல்லாவற்றுக்கும் 'டு'. சுப்பீரியருக்கு முன்னால் 'மோர்' சேர்த்தும் பொறி வைப்பார்கள், கவனம்.

'ஆஃப்' கூட்டம்தான் பெரிது: அஃப்ரெய்ட், ப்ரவுட், ஃபாண்ட், அவேர், கேபபிள். சரி, மனசு சம்பந்தப்பட்டதெல்லாம் 'ஆஃப்' போல என்று விதி போட்டால், 'இன்ட்ரஸ்டட் இன்' வந்து கெடுத்துவிடும். அதனால் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வீட்டு ஆட்களை வைத்து ஒரு வாக்கியம் எழுதினேன். 'மை கிராண்ட்மதர் இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் லிஃப்ட்ஸ்.' பாட்டி லிஃப்ட் வாசலில் நிற்பது நினைவுக்கு வந்தால் 'ஆஃப்'பும் கூடவே வந்துவிடும்.

உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டியது, ஒரே சொல் பல ப்ரெப்போசிஷன் எடுக்கும் இடத்தில். 'குட் அட் கேரம்' என்றால் நன்றாக ஆடுவார். 'குட் வித் சில்ட்ரன்' என்றால் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்வார். 'குட் ஃபார் யுவர் ஐஸ்' கண்ணுக்கு நல்லது. 'ஷீ வாஸ் குட் டு மீ' என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார். 'ஃபெமிலியர்' இன்னும் வில்லங்கம்: 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் திஸ் டவுன்', ஆனால் 'திஸ் டவுன் இஸ் ஃபெமிலியர் டு மீ'. வாக்கியம் ஆளில் தொடங்குகிறதா, பொருளில் தொடங்குகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் விடைக்குப் போங்கள். 'ஆங்க்ரி'யில், ஆள்மீது கோபம் என்றால் 'வித்', விஷயத்தின்மீது என்றால் 'அபவுட்' அல்லது 'அட்'. 'டிஃபரென்ட்'டுக்குப் பிரிட்டனில் 'டு'வும் அமெரிக்காவில் 'தேன்'னும் சகஜம்; தேர்வில் 'ஃப்ரம்' போட்டால் வம்பில்லை.

ப்ரெப்போசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் ஐஎன்ஜி வடிவம்: 'டயர்ட் ஆஃப் வெய்ட்டிங்'. 'யூஸ்ட் டு'வில்தான் பலரும் சறுக்குவது. 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது. இங்கே 'டு' ப்ரெப்போசிஷன். 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்றால் முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. இதற்கு ஐஎன்ஜி கிடையாது.