பின் சக்கரத்தில் 10 மில்லிமீட்டர்

என்னுடைய 2008 ஸ்விஃப்டை கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரில் 2003-இல் திறந்த டிராக் அது. 2.1 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பதால் வண்டியின் குறை ஒன்றுவிடாமல் வெளியே வந்துவிடும். என் வண்டியின் குறை முதல் நாளே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு உள்ளே திரும்பாமல் வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். அண்டர்ஸ்டியர். முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் இருக்கிற வியாதிதான்.

அதற்கு வைத்தியம் என்று நான் செய்தது, பின் சக்கரங்களுக்கு 10 மி.மீ. ஸ்பேசர், அதாவது ரிம்முக்குப் பின்னால் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் தகடு, வாங்கி மாட்டியது. உண்மையைச் சொன்னால் அழகுக்காகத்தான் மாட்டினேன். சக்கரம் மட்கார்டு விளிம்புக்கு வந்து நின்றால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வருகிறதே, அதற்காக. ஹேண்ட்லிங் என்பதெல்லாம் வீட்டில் சொன்ன காரணம்.

அடுத்த முறை டிராக்கில் மூக்கு இன்னும் மோசமாகத் தள்ளியது, அல்லது தள்ளியதாக எனக்குத் தோன்றியது. கணக்கும் அதையே சொல்கிறது. வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது, டயரின் பிடிப்பு ஏறுகிற எடைக்குச் சரிசமமாகக் கூடுவதில்லை, அதனால் ஒரு அச்சில் எடை எவ்வளவு அதிகமாக ஒரே பக்கம் சாய்கிறதோ அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு அவ்வளவு குறையும். சக்கரங்களைத் தள்ளி வைத்தால் சாய்கிற எடை குறையும், அந்த முனை நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு வருகிற பின்பக்கத்துக்கு மேலும் பிடிப்பைக் கொடுத்துவிட்டு, முன்பக்கம் ஏன் திரும்பவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, எவ்வளவு குறையும்? என்னோடு சேர்த்து வண்டி 1040 கிலோ, எடை மையம் தரையிலிருந்து சுமார் 55 செ.மீ., சக்கரங்களுக்கு இடையே 148 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜி விசையில், அதாவது வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையில் வளைந்தால் வெளிப்பக்கம் போகிற எடை ஏறக்குறைய 386 கிலோ. இரண்டு பக்கமும் 10 மி.மீ. சேர்த்து 150 செ.மீ. ஆக்கினால் 381. ஐந்து கிலோ! அதுவும் முன், பின் இரண்டிலும் மாட்டினால்தான். பின்னால் மட்டும் என்றால் இரண்டு கிலோ சொச்சம். காலையில் நான் சாப்பிட்ட இட்லியும் தண்ணீரும் சேர்ந்தால் அதில் பாதியாவது வரும்.

இதற்கிடையில் நூறைத் தொட்டதும் வண்டி உதற ஆரம்பித்தது. பேலன்சிங் இரண்டு முறை செய்தும் போகவில்லை. கடைசியில் கோவை கணபதி பகுதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கழற்றிக் காட்டினேன். அவர் முதலில் ஸ்பேசரைப் பார்க்கவில்லை, நட்டைத்தான் பார்த்தார்.

"தம்பி, இது எத்தனை சுத்து புடிச்சிருந்துச்சுன்னு எண்ணுனீங்களா?"

எண்ணவில்லை. ஸ்விஃப்டின் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைத் தண்டு, 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைந்தது அவ்வளவு நீளமாவது நட்டுக்குள் பிடித்திருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட பத்து சுற்று. முன்பு எனக்குப் பன்னிரண்டு சுற்று பிடித்தது. 10 மி.மீ. தகடு அதில் எட்டைத் தின்றுவிட்டது. நாலு சுற்றில் தொங்கிக்கொண்டு நூற்றுப்பத்தில் போயிருக்கிறேன்.

உதறலுக்குக் காரணம் வேறு. நான் வாங்கியது எல்லா வண்டிக்கும் பொருந்தும் வகை, நடு ஓட்டை, ரிம் வந்து உட்காரும் நடுப்பாகமான ஹப்பைவிடப் பெரியது. ஹப்பின் உதடுதான் ரிம்மை மையத்தில் உட்கார வைக்கிறது. ஸ்பேசர் அந்த உதட்டை மூடிவிட்டால், ஸ்பேசருக்கே உள்ளே இறுக்கமான ஓட்டையும் வெளியே புது உதடும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மையம் விலகிச் சுற்றும். அண்ணன் 54.1 மி.மீ. அளவுக்கு அலுமினியத்தில் புதிதாகக் கடைந்து கொடுத்தார், நான்கு ஹப்புக்கும் 10 மி.மீ. நீளமான ஸ்டட்களைப் பிரஸ்ஸில் இறக்கினார். உதறல் அன்றோடு போயிற்று.

அப்புறம் ஒரு சோதனை செய்தோம். நண்பன் ஒருவன் பிட்டில், அதாவது டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடத்தில், பின் ஸ்பேசரை மாட்டியோ மாட்டாமலோ விடுவான், எது என்று சொல்லமாட்டான், நான் மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து கண்டுபிடிக்க வேண்டும். கிளம்பும் முன் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது என்பது விதி. நாலு முறையில் இரண்டு சரி, இரண்டு தப்பு. நாணயத்தைச் சுண்டிவிட்டே சொல்லியிருக்கலாம்.

முன்பக்கம் கதை வேறு. புது ரிம், சஸ்பென்ஷன் தண்டான ஸ்ட்ரட்டை உரசியதால் அங்கே 5 மி.மீ. வைக்க வேண்டிவந்தது. நண்பன் பழைய ரிம்மோடு மாற்றி மாற்றிப் பார்த்தபோது அதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டேன், ஆனால் பிடிப்பை வைத்து இல்லை, ஸ்டியரிங்கை வைத்து. சக்கரம் திரும்புகிற அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம் 5 மி.மீ. மாறினாலே கையில் தெரிகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், ஒரு சக்கரம் டிராக் ஓரத்துக் கெர்பில் ஏறியபடி பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ரிம் உரசாமல் இருக்க வேறு வழியும் இல்லை.

அண்டர்ஸ்டியரை நிஜமாகக் குறைத்தது எது தெரியுமா? பின்பக்கப் பிடிப்பைக் கொஞ்சம் குறைக்க, பின் டயரில் முன்னைவிட நாலு பிஎஸ்ஐ காற்று கூட வைத்தது. காசே செலவில்லை. இப்போது முன் 30, பின் 34. முன் டயரின் வெளி ஓரம் மட்டும் இன்னும் சீக்கிரம் தேய்கிறது, அதற்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது, வேண்டும், கேம்பர் போல்ட் சொல்லிவைத்திருக்கிறேன்.

போட்டியில் ஓடுகிறவர்கள் ஸ்பேசர் வாங்கும் முன் உங்கள் பிரிவின் விதியைப் படித்துவிடுங்கள், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை மாற்றக்கூடாது என்றால், போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியிலேயே நிறுத்திவிடுவார்கள். மாட்டினால் டிராக்கில் முதல் சில சுற்று முடிந்து, சூடு ஆறியதும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நான் முதல் தடவை செய்தபோது ஒரு நட் கால் சுற்று உள்ளே போனது.

பின் ஸ்பேசர் இரண்டும் இப்போது வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்றின் மேல் அம்மா தோசைக்கல்லை இறக்கி வைக்கிறார்.