வெள்ளியங்கிரி ஏறுமுன் வானத்தைப் பாருங்கள்

கோவைக்கு மேற்கே ஏழாம் மலை உச்சியில் இருக்கும் சிவனை, வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?" என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. மேலே காற்று எப்படி இருக்கிறது, மழை வருமா? ஏழு மலையும் ஏறி இறங்க உடம்பில் தெம்பு இருந்தால் மட்டும் போதாது. வானமும் வழிவிட வேண்டும்.

இந்த மலை இருக்கும் இடம் அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதற்கு வடக்கே நிற்கிறது வெள்ளியங்கிரி. கேரளத்துப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று கணவாய் வழியாகக் கோவைக்குள் பாயும். மலையில் முட்டும் காற்றோ சரிவில் மேலேறி, குளிர்ந்து, மேகமாகிக் கொட்டும். ஜூன் மாதம் கோவை நகரத்தில் வெறும் சாரல் அடிக்கும் நாளில்கூட இந்த மலையில் அடைமழை பெய்துகொண்டிருக்கும். நொய்யல் ஆறு பிறப்பதும் இந்த மலைகளில்தான். பிப்ரவரி தொடங்கி மே வரைதான் வனத்துறை ஏழாம் மலைக்கு ஏற விடுகிறது. மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் இந்தக் காலத்துக்குள்ளேயே வருகின்றன. பெரியவர்கள் வானத்தை நன்றாகப் பார்த்துத்தான் இந்த வழக்கத்தை வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

நாங்கள் போனது சித்திரையில். பேரூர், ஆலாந்துறை தாண்டி பூண்டிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. அடிவாரத்தில் ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டோம். பையைச் சோதித்து, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி மேலே அனுப்பினார்கள். எங்களோடு வந்த பெரியவர் பல வருடமாக இந்த மலை ஏறுகிறவர். கிளம்பும் முன் மேற்கே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "நட்சத்திரம் நல்லாத் தெரியுதுங்க. விடியறதுக்குள்ள சாமியைப் பார்த்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மலை இறங்கிடோணும்" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. கோடையில் காலை வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மேலே எழும்பி, உச்சிகளில் மேகம் கூடத் தொடங்கும். கோடை இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வருவது இதனால்தான். ராத்திரி ஏறி காலையில் இறங்குவது வெயிலுக்குப் பயந்து மட்டும் வந்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். இடியிலிருந்தும் அதுதான் காக்கிறது.

முதல் மலையின் படிகள் செங்குத்தானவை. மரங்கள் சூழ்ந்திருப்பதால் காற்றே இல்லை. வெள்ளை விநாயகர் கோவில் போவதற்குள் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று நின்று நின்று ஏறினோம். வழியிலிருந்த கடையில் சுக்குக் காப்பி குடித்தபோது கடைக்கார அம்மா என் தம்பியைப் பார்த்து, "ஏங்கண்ணு, ஈரச் சட்டையோடயா போற? மேல காத்து பிச்சு எடுக்குது, மாத்திக்கோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோடி புண்ணியம். நான்காம் மலை தாண்டியதும் மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். வெள்ளியங்கிரியின் உச்சி சுமார் 6000 அடி. அப்படியானால் அடிவாரத்தில் 24 டிகிரி இருக்கும் இரவில் மேலே 16 டிகிரி வாக்கில் இருக்கும். 16 டிகிரி பெரிய குளிர் இல்லைதான். ஆனால் வியர்த்த உடம்பு, ஈரத்துணி, விடாத காற்று மூன்றும் சேர்ந்தால் கை விறைத்து, பல் கிட்டி, பேச்சே குழறத் தொடங்கும். ஒருவர் இப்படி ஆகிவிட்டால் முதலில் ஈரத்தை மாற்றி, காற்றுக்கு மறைவாக உட்கார வைத்து, சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும். "சாமி நடத்திக்குவார்" என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. காய்ந்த பனியன் ஒன்று, காதை மூடும் குல்லா ஒன்று, மெல்லிய மழைக்கோட்டு ஒன்று. பையில் வேறெது இல்லாவிட்டாலும் இந்த மூன்றும் இருக்கட்டும்.

ஐந்தாம் மலையில் மூடுபனி இறங்கியது. டார்ச் அடித்தால் வெளிச்சம் வெள்ளையாகத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. பெரியவர் டார்ச்சை இடுப்புக்குக் கீழே இறக்கி, தரையைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார். உடனே பாதை தெரிந்தது. முன்னால் போகிறவர் "நமச்சிவாய" என்று குரல் கொடுக்க, பின்னால் வருகிறவர் பதில் குரல் கொடுக்க, அந்த நாமம்தான் எங்களைச் சிதறாமல் கூட்டிப் போனது.

ஆறாம் மலையில் ஆண்டி சுனை. அந்த நீரில் குளித்துவிட்டு சாமியைப் பார்க்க வேண்டும் என்பது பலரின் ஆசை. ஏறி வந்த சூட்டோடு அந்தப் பனி நீரில் அப்படியே இறங்காதீர்கள். மூச்சு நிதானமாகும் வரை உட்கார்ந்துவிட்டு, கை கால் நனைத்து, அப்புறம் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மலையே ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்கிறது. 2024-இல் இந்த மலையில் பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

ஏழாம் மலை ஏறும்போது கிழக்கு வெளுத்தது. பெரும்பாறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க, அந்தக் குகைக்குள் சுயம்புவாக ஆண்டவர். பாறை இடுக்கு வழியாகக் காற்று ஊதிக்கொண்டே இருந்தது. அர்ச்சகர் இடது கையைக் குவித்துக் கற்பூரச் சுடரை மறைத்துக்கொண்டார். சுடர் படுத்தது, நீலமானது, மறுபடி நிமிர்ந்தது. அந்தச் சின்ன வெளிச்சத்தில் ஒரு கணம் லிங்கத் திருமேனியும் வில்வமும் துலக்கமாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண்ணை மறைத்தது. வெளியே வந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க நமக்குக் கீழே மேகம். ராத்திரி குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் தேங்குவதால் அங்கே கூடும் மேகம் அது.

இறங்கும்போது, பதினோரு மணி வாக்கில், மேற்கே மேகம் கறுத்து உயரமாக எழும்பத் தொடங்கியது. எதிரே இளைஞர்கள் நான்கு பேர் ஏறி வந்தார்கள். தூரத்தில் மின்னியது. பெரியவர் விரலை மடக்கி எண்ணினார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது விநாடிக்குள் சத்தம் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது மொட்டை முகட்டில் நிற்கக் கூடாது, தனி மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் ஒதுங்கக் கூடாது, கூட்டமாக ஒட்டி நிற்கவும் கூடாது. தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

"தம்பிகளா, இதுக்கு மேல வெட்டவெளிங்க. இறங்கிருங்க" என்றார் பெரியவர்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு சாமியைப் பார்க்காமப் போறதாங்க ஐயா?" என்று ஒருவன் தயங்கினான்.

"கீழ பூண்டியில இருக்கறதும் அவருதாங்க தம்பி. இன்னொரு நாள் கூப்பிடுவாரு."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எங்களோடு திரும்பினார்கள். கைதட்டிச் சுனைக்குக் கீழே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வழுக்குப்பாறையில் தடியை முதலில் ஊன்றி, பக்கவாட்டில் கால் வைத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்தே இறங்கினோம். மேலே முகட்டில் இடி விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மாலையில் பூண்டியில் மனோன்மணி அம்மனோடு இருக்கும் ஆண்டவர் முன்னால் அந்தப் பிள்ளைகளும் எங்களோடு நின்று மனசாரக் கும்பிட்டார்கள்.