ஈரக் காற்றில் கித்தார் மேல்பலகை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் கிளாசிக்கல் கித்தார் செய்ய உட்கார்ந்தால் முதல் தொல்லை காற்றுதான். சுற்றிலும் செம்பனையும் பால்மரமும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும், மாலை மழைக்குப் பிறகும் அதே கதை. மேல்பலகைக்கு வளைவு கொடுப்பதில் பாதி வேலை, உளியைத் தொடுமுன் மரத்தைக் காயவைப்பதிலேயே இருக்கிறது.

ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பலகை 80 சதவீத ஈரப்பதத்தில் ஊறியிருந்து 45-க்கு இறங்கினால், கித்தாரின் அகன்ற கீழ்ப்பகுதியான கீழ்வயிற்றின் 360 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கும். ஊறிய நிலையில், பலகையின் உட்புறம் தாங்கலாக நிற்கும் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டிவிட்டால், பிறகு குளிர்சாதன அறைக்குப் போனதும் பலகை சுருங்கப் பார்க்கும், குறுக்குச் சட்டம் விடாது. வளைவு படுத்துவிடும். அதையும் தாண்டினால் நார்வாக்கில் வெடிக்கும். காயவைத்து ஒட்டிய பலகையோ ஈரக் காற்றில் சற்று மேலெழும், அவ்வளவுதான். தந்தி உயரம் கூடினால் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜில் அவற்றைத் தாங்கும் எலும்பைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

ஏர்கோன் மட்டும் போட்டால் அறை குளிரும், ஈரம் போதுமான அளவு இறங்காது. ஈரம் இழுக்கும் இயந்திரம் வேண்டும், 45 முதல் 50 வரை. மலிவான ஈரமானிகளை நம்பக்கூடாது. தண்ணீர் விட்டுக் குழைத்த சமையல் உப்போடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வித்தியாசத்தை அதன் முதுகிலேயே எழுதிவைப்பது நல்லது. பலகை காய்ந்ததா என்பதைத் தராசு சொல்லும்: எடை இறங்குவது நின்றால் சட்டம் ஒட்டலாம்.

வளைவின் அச்சு சொலேரா என்னும் குழிப்பலகை. 18 மி.மீ. பிளைவுட் போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை நம் ஊர் ஈரத்தில் ஓரம் உப்பிவிடுகிறது. குழி பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் 2 மி.மீ. ஆழம், ஓரத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போய் விளிம்பில் சுழியம். ஒலித்துளைக்கு மேலே, கழுத்துப் பக்கம், தட்டை. அச்சின் கழுத்துப் பகுதியை, தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட் இருக்கும் முனையில் 2 மி.மீ. தாழ்த்த வேண்டும். இதைவிட ஆழமாகத் தோண்டினால் ஓசை கூடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் கித்தார் கைவினைஞர் ஆண்டோனியோ டி டோரஸ் நிலைநிறுத்திய பாணியும் மெல்லிய பலகை, மென்மையான வளைவு, விசிறிபோல் விரியும் ஏழு சட்டங்கள்தான். பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, ஓசை மேல்பலகையில்தான் பிறக்கிறது என்று 1862-இல் காட்டியவரும் அவரே.

பலகையை 2 முதல் 2.5 மி.மீ. வரை இழைத்த பிறகு சட்டங்கள். 5 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம். அறுத்த மரம் வேண்டாம், நார்வழியே பிளந்த ஸ்ப்ரூஸ்தான் வேண்டும். நார் அடுக்கு செங்குத்தாக நிற்க வேண்டும். குழிக்குள் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒவ்வொரு சட்டத்தையும் அது உட்காரும் இடத்திலேயே தேய்க்க வேண்டும். குழி எல்லா இடத்திலும் ஒரே வளைவு இல்லை. ஒரு சட்டத்துக்குத் தேய்த்த அளவு பக்கத்துச் சட்டத்துக்குப் பொருந்தாது. அடியைத் தேய்க்காமல் நேரான சட்டத்தை அமுக்கி ஒட்டினாலும் பிடிக்கும். ஆனால் வெளியே எடுத்ததும் அது நிமிரப் பார்க்கும், பலகையையும் இழுத்துக்கொண்டு.

ஒட்டும்போது அழுத்தம் கொடுக்க, மேலே ஒரு பலகை, இடையில் வளைத்துச் செருகிய மூங்கில் கீற்றுகள். கீற்று சாய்ந்து நின்றால் சட்டம் வழுக்கும். பசையை மெல்லிசாகப் பூச வேண்டும், அதிலுள்ள தண்ணீர் பலகையின் ஒரு முகத்தை மட்டும் உப்பவைக்கும். மறுநாள்வரை குழியை விட்டு எடுக்கக்கூடாது.

கடைசியில் பலர் கோட்டைவிடுவது பிரிட்ஜில். மேல்பலகைமீது உப்புத்தாளை விரித்து, பிரிட்ஜின் அடியை அதே வளைவுக்குத் தேய்க்க வேண்டும். தட்டையாகவே விட்டுக் கிளாம்ப் போட்டால் வளைவு நசுங்கும், இல்லையென்றால் பிரிட்ஜ் ஓரங்கள் பிறகு கிளம்பும். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கின்றன. பிரிட்ஜுக்கு முன்னால் சற்றுக் குழிவதும் பின்னால் சற்று மேடாவதும் இயல்பு. குழி அதிகமாகத் தெரிந்தால் சட்டத்தைக் குறை சொல்லுமுன் ஈரமானியைப் பார்க்க வேண்டும். அறை வறண்டிருந்தால் தந்தியைத் தளர்த்தி, கித்தாரை 50 சதவீத ஈரப்பதத்தில் சில நாள் வைத்து மறுபடி அளந்தால் போதும்.