வெல்டிங் பழக வந்தவர்களுக்கு மிச்சத் தகட்டில் கொடுத்த பயிற்சி

திருச்சி துவாக்குடியில் கொதிகலன் ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம் என்பதால், ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பிரிவு படித்துவிட்டு வேலை கேட்டு வரும் இளைஞர்களுக்கு எங்கள் பட்டறையில் குறைவில்லை. சான்றிதழ் இருக்கும், கை ஓடாது. ஆர்டர் வேலையில் அவர்களைப் பழகவிட எந்த முதலாளிக்கும் மனம் வராது; தனியே பழக இரும்பும் ராடும் (உருகி இணைப்பாகும் வெல்டிங் கம்பி) தருவாரும் இல்லை. ஆகவே, வெட்டி மிஞ்சிய தகட்டுத் துண்டுகளை எடைக்குப் போடாமல் ஒதுக்கி வைக்கத் தொடங்கினேன்.

முதலில் இணைப்பு எதுவும் கொடுப்பதில்லை. 6 மி.மீ. தகட்டின்மேல் 3.15 மி.மீ. தடிமனுள்ள 6013 வகை ராடால், 110 ஆம்பியர் அளவில், வரிசையாக ரன் (கோடாக விழும் வெல்டு) போடச் சொல்வேன். ராடு ஒட்டிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. ஒட்டிவிடுமோ என்ற பயத்தில் ராடைத் தூக்கிப் பிடித்தால், ஆர்க் (ராடு முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடர்) நீண்டு பொறி சிதறி, ரன் அகலமாகவும் ஆழமில்லாமலும் விழும். இடைவெளி ராடின் தடிமன் அளவே இருக்கட்டும் என்று சொல்வதைவிட, அந்தத் தூரத்தில் எழும் சீரான படபடப்பைக் காதால் பிடிக்கச் சொல்வது விரைவில் பலன் தருகிறது.

அடுத்து, இரண்டு துண்டுகளை 'டி' வடிவில் டேக் (பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஃபில்லெட் (மூலை வெல்டு) போடச் செய்து, ஆறியதும் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைக்க வைப்பேன். மேலே மீன்செதில்போல் அழகாக விழுந்த வெல்டு உடைந்ததும், உள்மூலையில் தகட்டின் விளிம்பு உருகாமல் அப்படியே நிற்பதையும், ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு) கருப்பாகச் சிக்கியிருப்பதையும் கண்ணால் பார்த்தவர், அடுத்த துண்டில் ராடின் சாய்வையும் ஆம்பியரையும் தாமாகவே மாற்றுகிறார். நான் பேசித் திருத்தியவர்கள் குறைவு.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டுகள் குவியலில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுவிடும். 'ஒரு டேக்தானே' என்று ஷீல்டு (முகக்கவசம்) இல்லாமல் வைப்பதை முதல் நாளே கண்டித்துவிடுகிறேன், ஏனென்றால் கண் உறுத்தல் பல மணி நேரம் கழித்தே தெரியவரும்.

தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் சேர்த்தால், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. ராடுச் செலவு நம் தலையில்தான். ஆர்டர் பொருளில் கெட்டுப்போன வெல்டைக் கிரைண்டரால் தோண்டி எடுத்து மறுபடி போடும் செலவோடு வைத்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியவில்லை.