நெத்திலிக்குச் சுண்டுவிரல்

ஏப்ரல் 21

பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற பெரா டெஸ்ட்டில், இரண்டு காதுக்கும் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருந்தால்தான் கேட்கும் என்று வந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் லேசாகத் திரும்புவாள், அவ்வளவுதான். காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்துகிற கருவி, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இலவசமாகவே வைக்கிறார்கள், ஆனால் எம்ஆர்ஐ பார்த்த டாக்டர் காது நரம்பே மெலிசாக இருக்கிறது, வைத்தாலும் பேச்சு வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றுவிட்டார். சரி, இனி பள்ளிக்கூடம் தேடணும்.

ஏப்ரல் 28

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்றரை மணி நேரம். பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுக்கிற பள்ளி. இம்பிளாண்ட் வைத்த ஒரு பையன் வந்து "ஆண்ட்டி, உங்க பேர் என்ன" என்று கேட்டான். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் சைகையே கூடாதாம், கை பழகினால் வாய் வராதாம்.

ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். பணம், மணம். படம், மடம். உதட்டில் எல்லாம் ஒன்றுதான். க, ங எல்லாம் உள்ளே நடக்கிற வேலை, வெளியே தெரிவதே இல்லை. உதட்டை மட்டும் பார்த்து இவள் எதைப் பிடிப்பாள்?

மே 3

அத்தையிடம் சொன்னேன். காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவரும் பாப்பாவும் யாரிடமும் கேட்காமல் ஒரு பாஷை வைத்திருக்கிறார்கள்: நெத்திலிக்குச் சுண்டுவிரல் நுனி, வஞ்சிரத்துக்கு முழங்கையில் கத்தி போடுகிற மாதிரி ஒரு வெட்டு, விலை படியவில்லை என்றால் உள்ளங்கையைத் திருப்பி ஒரு உதறல். "கையக் கட்டிப்போட்டுட்டா புள்ள எத்த வச்சிப் பேசும்?" என்றார்.

மே 9

இன்னொரு பள்ளி. சைகையும் உண்டு, தினமும் பேச்சுப் பயிற்சியும் உண்டு. ஒரு டீச்சருக்கே காது கேட்காது. பாப்பா அவர் காது மிஷினைத் தொட்டாள், தன்னுடையதைத் தொட்டாள், அப்புறம் அவர் மடியை விட்டு இறங்கவே இல்லை. காது கேட்காத பெரியவர் ஒருவரை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

1880ல் மிலானில் மாநாடு போட்டுப் பள்ளிகளில் சைகையே வேண்டாமென்று தீர்மானம் செய்தார்களாம், பெரிய டீச்சர் சொன்னார். நம்ம ஊர் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பிள்ளைக்குப் பொருத்தமான மொழியில், முறையில் சொல்லிக்கொடு என்கிறது.

இரண்டு இடத்திலும் மூன்றாம் வகுப்பு நோட்டை வாங்கிப் பார்த்தேன். "நான் கடை போனேன்", "அம்மா தோசை நான் கொடு". இரண்டிலும் வேற்றுமை உருபு காணாமல் போயிருந்தது. ஆக இது சைகை செய்த பாவம் மட்டும் இல்லை. தமிழ் எழுத்துக்கு வீட்டில் நான்தான் உட்காரணும் போல.

மே 14

இரண்டாவது பள்ளியில் ஃபார்ம் கொடுத்தாயிற்று. இவர் போனில் இந்திய சைகை மொழி அகராதி வீடியோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், 10,000 சொல்லுக்கு மேல் இருக்கிறதாம். மீன் எப்படி என்று காட்டினார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எல்லா மீனும் ஒண்ணா? நெத்திலி எங்க?" என்றார். இவருக்குப் பதில் தெரியவில்லை. பாப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து, சுண்டுவிரலைத் தனியே நீட்டிவிட்டாள்.